பெரியம்மா பெட்டியில கிடைச்ச நோட்டு: அண்ணன்கிட்ட சொல்றதா வேண்டாமா?

தூக்கமில்லாதவ:

எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் பெரியம்மா, அம்மாவோட கூடப்பொறந்த அக்கா, போய் அஞ்சு வாரம் ஆகுது. 66 வயசு. கல்யாணம் பண்ணிக்கல, ஒரு ஆபீஸ்ல கணக்கு பாத்துட்டு ரிட்டயர் ஆகி எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி தனியா இருந்தாங்க. 57 வயசுல பெருங்குடல்ல கேன்சர்னு கண்டுபிடிச்சு ஆபரேஷன் பண்ணாங்க, கொஞ்ச வருஷம் நல்லாத்தான் இருந்தாங்க, திரும்ப வந்துச்சு, இந்த தடவ தாங்கல.

வீட்டை காலி பண்ண நானும் அம்மாவும் போனோம். பீரோ மேல ஒரு தகரப்பெட்டி, அம்மா அதை பாத்த உடனே "அது என்ன குப்பையா இருக்கும், எடுத்து ஓரமா வை, நான் பாத்துக்கறேன்"னாங்க. அவங்க சொன்ன விதத்துலயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அவங்க கீழ போனப்போ திறந்துட்டேன். (தப்புதான், திட்டுறவங்க திட்டிக்கோங்க.)

உள்ள நீளமான கணக்கு நோட்டுங்க, வருஷம் போட்டு கயித்துல கட்டி. மாச செலவு எல்லாம் பைசா சுத்தமா எழுதியிருக்காங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் மார்ச் 11 அன்னைக்கு மட்டும் செலவு எதுவும் இருக்காது, ஒரே ஒரு வரி. "இன்னைக்கு 6." அடுத்த நோட்டுல "இன்னைக்கு 7." ஏதோ கடன் தவணை எண்ணிட்டு இருந்தாங்க போலன்னுதான் நெனச்சேன். கடைசி நோட்டுல, இந்த வருஷம், கை நடுங்கி எழுத்து கோணலா "இன்னைக்கு 43".

எங்க அண்ணனுக்கு 43. ஆனா அவன் பொறந்தநாள்னு நாங்க கொண்டாடுறது மார்ச் 27.

அப்புறம் அடியில ஒரு லெட்டர், அம்மா கையெழுத்து, பெரியம்மாவுக்கு எழுதினது. முழுசா இங்க போட மனசு வரல, ரெண்டு வரி மட்டும்: "பால் கட்டிக்கிட்டு வலிக்குதுன்னு எழுதியிருந்த, துணிய நனைச்சு போடு, ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு சொல்றாங்க. பையன் நல்லா தூங்குறான். நீ இப்போ வராத, வந்தா உன்னால விட்டுட்டு போக முடியாது." அப்போ அம்மாவுக்கு 21 வயசு, பெரியம்மாவுக்கு 23.

அம்மாகிட்ட லெட்டரை நீட்டினேன். படிக்கக்கூட இல்ல, மடிச்சு இடுப்புல சொருகிட்டு "அவளே வாயைத் திறக்காம போயிட்டா, நீ யாரு திறக்க"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்த பேச்சே இல்ல. அப்பா போய் பத்து வருஷம் ஆச்சு, கேக்கவும் ஆள் இல்ல. பையனோட அப்பா யாருன்னு எங்கயும் ஒரு வரி இல்ல, ராத்திரி மூணு மணிக்கு படுத்துட்டு இருக்கறப்போ ரொம்ப மோசமான யோசனை எல்லாம் வருது, எழுத கை வரல, புரிஞ்சிருக்கும்.

அண்ணனுக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு மாசம் ராத்திரி முழுக்க கூட இருந்தது அவன்தான். நர்ஸ் யாருன்னு கேட்டா பெரியம்மா "என் மகன்"னுதான் சொல்லுவாங்க, நாங்க யாரும் திரும்பிக்கூட பாக்கல, தங்கச்சி பையனும் மகன்தானே நம்ம பேச்சுல. இப்போ அந்த ஒரு வார்த்தை காதுலயே நிக்குது.

சொல்லணுமா? யார் சொல்லணும்? இல்ல அம்மா சொல்ற மாதிரி அப்படியே விட்டுடறதா?

நேர்ப்பேச்சு:

பெட்டிய மூடு, நோட்டை எரி, வேலைய பாரு. கடுமையா இருக்கும், ஆனா கேளு. பெத்தவங்களுக்கு 43 வருஷம் டைம் இருந்துச்சு, சொல்லல, அது அவங்க முடிவு. உங்க அண்ணனுக்கு ஒரு அம்மா இருக்காங்க, வளத்தவங்க, உயிரோட. செத்தவங்களுக்காக இருக்கறவங்கள உடைக்காதீங்க. எங்க வீட்லயும் இப்படி ஒரு விஷயம் வெளிய வந்து, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. தெரிஞ்சு என்ன கிடைச்சுது, ஒண்ணும் இல்ல.

ரெண்டாம்பேரு:

மேல இருக்கறவர் சொல்றத நான் மதிக்கறேன், ஆனா அந்த அண்ணன் இடத்துல இருந்தவன் நான், அதனால சொல்றேன். நான் தத்துப்பிள்ளைன்னு எனக்கு 39 வயசுல தெரிஞ்சுது, அதுவும் ஒரு கல்யாண வீட்ல தூரத்து மாமா ஒருத்தர், எனக்கு தெரியும்னு நெனச்சு சாதாரணமா சொல்லிட்டார். தத்தெடுத்தது எனக்கு வலிக்கல சாமி. அந்த ஹால்ல இருந்த பாதி பேருக்கு முன்னாடியே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது, அதுதான் இன்னும் குத்துது. என் வாழ்க்கைய பத்தி என்னைத் தவிர எல்லாரும் பேசி முடிச்சிருந்தாங்க.

சிஸ், இப்போ இந்த ரகசியம் தெரிஞ்சவங்க லிஸ்ட்ல நீங்களும் சேந்துட்டீங்க. பின்னாடி எப்பயாவது தெரிய வந்தா உங்க அண்ணன் முதல்ல கேக்கறது "அம்மா ஏன் சொல்லல"ன்னு இருக்காது, "உனக்கு எப்போ தெரியும்"னுதான் இருக்கும். நான் எங்க அக்காகிட்ட அதைத்தான் கேட்டேன்.

1989ல வந்த ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 7வது பிரிவுலயே இருக்கு, முடிஞ்ச வரைக்கும் தன்னை பெத்தவங்க யாருன்னு தெரிஞ்சுக்கற உரிமை ஒரு பிள்ளைக்கு உண்டுன்னு. 43 வயசு ஆளுக்கு அந்த சட்டத்தை காட்டி யாரும் கேஸ் போடப் போறதில்ல, சும்மா சொல்றேன், இது ஒண்ணும் பேராசை இல்ல. இங்கிலாந்துல 1975ல ஒரு சட்டம் கொண்டு வந்து, தத்துப்போன பிள்ளைங்க பெரியவங்களானதும் தங்களோட அசல் பிறப்பு சான்றிதழ பாக்கலாம்னு வழி விட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி தத்துப்போனவங்க பேப்பர் கைக்கு வர்றதுக்கு முன்ன ஒரு கவுன்சிலர உக்காந்து பாத்தே ஆகணும்னு வெச்சாங்க. எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா, உண்மையும் உண்டு, அதைக் கேக்கறப்போ பக்கத்துல ஒரு ஆளும் உண்டு. எனக்கு ரெண்டாவது கிடைக்கல.

லேப்கோட்டு:

எல்லாரும் சொல்லலாமா வேண்டாமான்னு பேசறீங்க, நான் வேற ஒண்ணு பாத்தேன். கேன்சர் வந்தது 57 வயசுல, பெருங்குடல்ல. அண்ணனுக்கு இப்போ 43.

பெரியம்மாவுக்கு வந்துச்சுன்னா டாக்டர் ஃபார்ம்ல அது தூரத்து சொந்தம், பெருசா எதுவும் மாறாது. பெத்த அம்மாவுக்கு வந்துச்சுன்னா கதையே வேற. பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க, இவங்கள்ல ஒருத்தருக்கு 60 வயசுக்கு முன்னாடி பெருங்குடல் கேன்சர் வந்திருந்தா, கொலோனோஸ்கோப்பிய (பெருங்குடலுக்குள்ள கேமரா வெச்ச குழாய விட்டு பாக்கற டெஸ்ட்) 40 வயசுல ஆரம்பிக்கணும், இல்ல அவங்களுக்கு கண்டுபிடிச்ச வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, ரெண்டுல எது முதல்ல வருதோ அது. அமெரிக்க வழிகாட்டுதல் இப்படித்தான் சொல்லுது. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ. உங்க கணக்குல 57ல பத்து கழிச்சா 47, அதுக்கு முன்னாடி 40 வந்துடுது. அதாவது அண்ணன் மூணு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கணும். இந்த கேன்சர் பெரும்பாலும் சின்ன கட்டியா, பாலிப்னு சொல்லுவாங்க, ஆரம்பிச்சு வருஷக்கணக்குல மெதுவா மாறுறது, அந்த ஸ்டேஜ்ல பாத்தா ஸ்கோப் போடறப்பவே வெட்டி எடுத்துடுவாங்க. பயமுறுத்தல, அவருக்கு எதுவும் இல்லாமயே இருக்கலாம். ஆனா "எங்கம்மாவுக்கு இல்ல"ன்னு அவர் தப்பான பதிலை ஒவ்வொரு ஃபார்ம்லயும் நிரப்பிட்டு இருக்கார். அவர் பிள்ளைங்களுக்கும் இது பாட்டி வழி சொந்தமா கணக்குல வரணும்.

அந்த மூணு மணி யோசனை பத்தி. புரிஞ்சுது. தயவுசெஞ்சு யாருக்கும் தெரியாம முடி, பிரஷ்னு எடுத்து டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்பாதீங்க. கணக்கு என்னன்னு மட்டும் சொல்றேன்: ஒரே அப்பா அம்மாவுக்கு பொறந்தவங்க சுமாரா 50 சதவீதம் பகிர்ந்துக்குவாங்க, அக்கா தங்கச்சி பிள்ளைங்கன்னா 12.5 பக்கம், அம்மாக்கள் அக்கா தங்கச்சியா இருந்து அப்பா ஒருத்தரா இருந்தா 37.5 பக்கம். ஆக டெஸ்ட் பண்ணா உங்க மூணு மணி கேள்விக்கும் பதில் வந்துடும், வேணும்னாலும் வேண்டாம்னாலும். அதைத் தெரிஞ்சுக்கணுமான்னு அண்ணனும் சேந்துதான் முடிவு பண்ணணும். இன்னொண்ணு, தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட்னு யாராவது சொன்னா காசு கொடுக்காதீங்க, அது அம்மாகிட்ட இருந்து மட்டும் பிள்ளைக்கு வர்ற டிஎன்ஏ, அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒண்ணேதான், பெத்தது யாருன்னு அதுல பிரிச்சே பாக்க முடியாது.

பழையபேனா:

நான் பழைய ஆவணங்க பாதுகாக்கற வேலையில இருக்கேன், என் பங்குக்கு ரெண்டு வரி. நோட்டை எரிக்காதீங்க. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், கிழிஞ்ச இடத்துல செல்லோ டேப் ஒட்டாதீங்க, சில வருஷத்துல அந்த பசையே மஞ்சளாகி எழுத்தை தின்னுடும். வெயில் படாத காஞ்ச இடமா பாத்து வைங்க. எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்துடுங்க, மார்ச் 11 மட்டும் இல்ல, அதுக்கு முன்ன பின்ன இருக்கற செலவையும். ஸ்கூல் பீஸ், செருப்பு, கண்ணாடின்னு யாருக்காக செலவு பண்ணாங்கன்னு அதுலதான் இருக்கும்.

தூக்கமில்லாதவ:

@பழையபேனா, நீங்க சொன்னப்புறம்தான் மறுபடி உக்காந்து பாத்தேன். இருக்கு. அவனோட பத்தாவது பரிட்சை பீஸ், சைக்கிள், காலேஜ் முதல் வருஷம். "தங்கச்சிக்கு கொடுத்தது"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க, ஆனா தொகையும் மாசமும் சரியா பொருந்துது. அப்பா கட்டினார்னு நாங்க நெனச்சுட்டு இருந்தது.

@லேப்கோட்டு, கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. இது எனக்கு தோணவே இல்ல.

ஈரத்துணி:

கவுன்சிலிங் வேலை பாக்கறவ நான். சொல்றதா வேண்டாமாங்கறது லேப்கோட்டு எழுதினதோட முடிஞ்சு போச்சு, இனி யார், எப்படிங்கறதுதான்.

அம்மாதான் சொல்லணும். நீங்க சொன்னா அது வத்தி வெச்ச மாதிரி ஆயிடும், எவ்வளவு நல்ல எண்ணத்துல சொன்னாலும். ஆனா அம்மாகிட்ட "நீங்க மறைச்சீங்க"ன்னு போகாதீங்கம்மா. 2017ல மைக்கேல் ஸ்லெப்பியன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ரகசியம் பத்தி ஒரு ஆய்வு பண்ணாங்க. அடுத்தவங்க முன்னாடி வாயை மூடிட்டு இருக்கறதை விட, தனியா இருக்கறப்போ அது திரும்பத் திரும்ப மனசுல ஓடறதுதான் மனுஷங்களை அதிகமா வாட்டுதுன்னு அதுல வந்துச்சு. உங்கம்மா 21 வயசுல இன்னொருத்தி பிள்ளைய மடியில வாங்கினவங்க. எந்த நிமிஷம் அக்கா வந்து திருப்பிக் கேப்பாளோன்னு எத்தனை வருஷம் தூங்காம இருந்தாங்களோ. இப்போ அக்காவும் இல்ல, அழறதா நிம்மதியாகறதான்னே அவங்களுக்கு தெரியாம இருக்கலாம். லெட்டரை இடுப்புல சொருகினாங்கன்னு எழுதியிருக்கீங்க, கிழிக்கலயே.

அதனால முதல்ல உடம்பு விஷயத்தை மட்டும் சொல்லுங்க. "அவனுக்கு டெஸ்ட் எடுக்கணும், டாக்டர் ஏன்னு கேப்பார், என்ன சொல்றது"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. நீங்க நிரப்பாதீங்க, அவங்க நிரப்பட்டும். ரெண்டு மூணு தடவ ஆகலாம்.

அண்ணன்கிட்ட பேசறது வீட்லயே இருக்கட்டும், மறுநாள் அவருக்கு லீவா இருக்கணும், பிள்ளைங்க பக்கத்துல வேண்டாம். அவருக்கு இப்போ இருக்கற துக்கம் ஒரு பெரியம்மா போன துக்கம். கேட்டப்புறம் அது மாறும், மறுபடி முதல்ல இருந்து அழுவார், ஆனா ஊர் உலகம் அவருக்கு அம்மா செத்துட்டாங்கன்னு வந்து உக்காராது. 1989லயே கென்னத் டோக்கான்னு துக்கம் பத்தி ஆராய்ச்சி பண்றவர் இதுக்கு ஒரு பேரு வெச்சார், வெளிய சொல்ல முடியாத, யாரும் துக்கம்னே ஏத்துக்காத துக்கம். அந்த நேரத்துல கூட இருக்க ஒரு ஆள் போதும், நீங்க இருங்க.

நேர்ப்பேச்சு:

கேன்சர் விஷயம் நான் யோசிக்கல. எரின்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். மத்தபடி என் கருத்து அதேதான், ஆனா டெஸ்ட்டுக்காக சொல்லித்தான் ஆகணும்.

தூக்கமில்லாதவ:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், நிறைய பேர் மெசேஜ்ல கேட்டீங்க.

அம்மாகிட்ட ஈரத்துணி சொன்ன மாதிரியே கேட்டேன். முதல் நாள் எழுந்து போயிட்டாங்க. ரெண்டாவது நாள் "அவனுக்கும் வருமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. டெஸ்ட் எடுத்தா முன்னாடியே தெரியும்மான்னேன். ரொம்ப நேரம் தலகாணி உறையை மடிக்கறதும் பிரிக்கறதுமா இருந்துட்டு, "அவ ஒரே ஒரு தடவதான் கேட்டா, அவனுக்கு நாலு வயசு, ஒரு வாரம் அனுப்புன்னா, நான் அனுப்பல"ன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல. மூணு மணி கேள்வியையும் கேக்கல, கேக்கப் போறதும் இல்ல, அண்ணன் கேட்டா அது வேற.

போன சனிக்கிழமை அம்மாவே சொன்னாங்க. நான் கதவுகிட்ட நின்னுட்டு இருந்தேன். அண்ணன் கத்துவான்னு நெனச்சேன், கத்தல. என் பக்கம் திரும்பி "உனக்கு எப்போ தெரியும்"னான், ரெண்டாம்பேரு சொன்ன அதே வார்த்தை, ரெண்டு மாசம் ஆகப்போகுதுன்னு உண்மையச் சொன்னேன். தலையாட்டினான். அப்புறம் நோட்டுங்களை ஒவ்வொண்ணா பிரிச்சு அந்த தேதிய மட்டும் தேடித்தேடி பாத்துட்டே போனான், நடுவுல ஒரு வருஷம் மட்டும் அந்த வரி இல்ல, அவனுக்கு 19 அப்போ, அவனும் பெரியம்மாவும் ஏதோ சண்டை போட்டு ஆறு மாசம் பேசாம இருந்தாங்களாம். அந்தப் பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னான்.

ஸ்கோப்புக்கு வர்ற வியாழக்கிழமை தேதி வாங்கியிருக்கான், ஃபார்ம்ல "அம்மா: பெருங்குடல் புற்றுநோய், 57 வயது"ன்னு எழுதினதா மெசேஜ் போட்டான், வேற எதுவும் எழுதல. அம்மாகிட்ட இன்னும் சரியா பேசல. ஆனா நேத்து அவங்க பிரஷர் மாத்திரை தீந்து போச்சுன்னு எப்படியோ ஞாபகம் வெச்சு வாங்கிட்டு வந்து வாசல்ல வெச்சுட்டு போயிருக்கான். நோட்டு கட்டை அன்னைக்கே எடுத்துட்டு போயிட்டான், லெட்டர் மட்டும் இன்னும் அம்மாகிட்டதான் இருக்கு.