சார்கோஃபாகன் மலை, லாங்இயர்பியன் (வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்டு, நார்வே): ஏறியவர்கள் சொல்லுங்கள்

கடலோடி:
போனது ஜூன் மாதம். 512 மீட்டர்தான், இங்கே பலர் ஏறியிருப்பீர்கள், வழியெல்லாம் விளக்கவில்லை. கடைசி வீடு தாண்டியதும் கைடு ரைஃபிளைத் தோளில் மாட்டினார். பனிக்கரடி பயத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தே ஏறி முடித்தேன். கரடி வரவில்லை. இறங்கும்போது, லாங்இயர் பனியாறு கொட்டிவைத்த கல்குவியலில் ஒரு சப்பைக் கல்லைப் புரட்டினேன். அடியில் ஒரு இலை. நடுநரம்பு, கிளைநரம்பு, ஓரத்துப் பல் எல்லாம் அப்படியே. 5 கோடி வருஷத்துக்கும் மேல் பழசாம். ஊரில் இப்போது ஒரு மரம்கூடக் கிடையாது. கல்லை அங்கேயே வைத்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

வெயில்காய்ச்சி:
இலை சரி. ஆனால் அதென்ன "512 மீட்டர்தான்"? ஊருக்குக் கிழக்கே நிற்கும் சுக்கர்டோப்பன் அதைவிடக் குட்டை. 2015 டிசம்பர் 19 அன்று அதிலிருந்து சரிந்த பனி 11 வீடுகளைப் பெயர்த்துத் தள்ளியது, இரண்டு பேர் இறந்தார்கள். குளிர்காலம் முழுக்க எழாத சூரியனும் பிப்ரவரி நடுவிலேயே தொடுவானத்துக்கு மேலே வந்துவிடும். இந்தக் குட்டை மலைகள் மறித்து மார்ச் 8 வரை ஊருக்குள் விடாது. அன்றைக்குப் பழைய ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஊரே கூடும். நானும் நின்றேன். முகத்தில் மஞ்சள் பூசிய பிள்ளைகள் சூரியனைக் கத்திக் கூப்பிட்டார்கள். ஒரே மேகம். வெயில் வரவில்லை, ஒருத்தரும் நகரவும் இல்லை.

பயணப்பை:
நான் அந்த மலையைப் பார்க்கவே இல்லை. ஓஸ்லோ விமான நிலையத்தில் என் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் இருந்த '1' மேல் ஒரு அதிகாரி விரலை வைத்தார். போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது என்றார். அவ்வளவுதான் என் கதை.
போகிறவர்களுக்கு: ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அது நார்வேயின் தீவுக்கூட்டம்தான், ஆனால் ஷெங்கனுக்கு (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டாரம்) வெளியே. ஓஸ்லோவோ ட்ரோம்சோவோ வழியாகத்தான் போக்கும் வரவும், ஆகவே இரண்டு முறையாவது நுழைய அனுமதிக்கும் விசா கேளுங்கள். அப்புறம் ஷூவுக்கடியில் மாட்டும் முள் கட்டாயம். கல்குவியல் மாதிரித் தெரியும், அடியில் பனிக்கட்டி இருக்கும். துப்பாக்கி பழகாதவர்கள் கைடு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. கடலோடி அண்ணா, அந்தக் கல்லைப் போட்டோவாவது எடுத்திருக்கலாம்.

கடலோடி:
எடுத்தேன் தம்பி. கை நடுங்கி எல்லாம் கலங்கல். வேறு யாராவது அங்கே இலை பார்த்தீர்களா? ஓரத்தில் பல் இருந்ததா?