தள்ளுபடிக்கு வரும் கூட்டம் நிற்குமா?

மிதிவண்டிக்காரன்:
மிதிவண்டிகளை விற்றும் பழுதுபார்த்தும் பிழைக்கிற சிறு கடை என்னுடையது. சென்ற ஆண்டு ஒரு மாதம் முழுவதும் பழுதுபார்ப்புக் கட்டணத்தில் 30 சதவீதம் தள்ளுபடி அறிவித்தேன். கடை நிரம்பி வழிந்தது, அடுத்த மாதமே பழைய நிலைக்கு வந்துவிட்டது. இந்த ஆண்டும் அதைச் செய்யலாமா?

கணக்கர்:
கூடாது. 100-க்கு விற்கும் பொருளின் அடக்கவிலை 70 என்றால் கையில் நிற்பது 30. வெறும் 10 சதவீதம் குறைத்தாலே அது 20 ஆகிவிடும். பழைய லாபத்தைத் தொடவே ஒன்றரை மடங்கு விற்றாக வேண்டும். உழைப்புக்குக் கூலி வாங்கும் தொழிலில் அடக்கவிலை குறைவுதான், ஆனால் நாளுக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு உண்டு. அந்த நேரத்தை மலிவாக விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது. 2008-இல் சிகாகோவில் தொடங்கிய குரூப்பான் என்ற தள்ளுபடிச் சீட்டு விற்கும் இணையத் தளத்தின் தொடக்ககால வழக்கத்தையே பாருங்கள்: பொருள் பாதி விலைக்குப் போனது, அந்தப் பாதியிலும் ஏறத்தாழப் பாதியைத் தளம் எடுத்துக்கொண்டது. கடைக்காரருக்கு மிஞ்சியது கால் பங்கு.

விளம்பர முகவர்:
கணக்கரே, கணக்கு சரி, முடிவு தவறு. எந்தக் கடைக்கும் பழைய வாடிக்கையாளர்கள் அப்படியே நிலைப்பதில்லை. வீடு மாறுகிறார்கள், பிள்ளைகள் வளர்ந்து மிதிவண்டியை விடுகிறார்கள். புதியவர் வராத கடை மெல்லத் தேயும். முதன்முறை உள்ளே வரத் தயங்குபவரை இழுக்கத் தள்ளுபடியைப் போல் விரைவான வழி இல்லை. வந்தவர்களிடம், இணையத்தில் 5 நட்சத்திர மதிப்புரை எழுதினால் இன்னும் கொஞ்சம் குறைப்பதாகச் சொல்லியிருந்தால் பலன் நீடித்திருக்கும்.

கணக்கர்:
சலுகை கொடுத்து மதிப்புரை வாங்குவதை கூகுளின் விதிகளே தடை செய்கின்றன. விதியை விடுங்கள், மனமார எழுதியவரின் சொல்லையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

அச்சகத்தார்:
சிறு தொழில்களுக்குத் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுப்பவன் நான். ‘தரமான சேவை, நியாயமான விலை, நம்பிக்கைக்குரிய நிறுவனம்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். தலைப்பிலுள்ள பெயரை மாற்றினால் அதே தாளை எதிர்க்கடைக்காரருக்கும் கொடுத்துவிடலாம். உரிமையாளரின் படம் பாதித் தாளை அடைத்துக்கொள்ள, தொலைபேசி எண் கடைசி வரியில் எறும்பு அளவில் கிடக்கும். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது பெரும்பாலும் இருக்கவே இருக்காது. (சுட்டிக்காட்டினால், ‘வருகிறவர்களுக்கு அது தெரியும்’ என்பார்கள். தெரிந்தவர்களுக்கு எதற்குத் துண்டறிக்கை?) ஒருவர் மட்டும், ‘சாவி தொலைந்துவிட்டதா? இரவு 10 மணி வரை இந்த எண்ணில் நானே பேசுவேன்’ என்று இரண்டே வரி அச்சடித்தார். இதுவரை மூன்று முறை மறு அச்சுக்கு வந்துவிட்டார். தள்ளுபடியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

விளம்பர முகவர்:
பூட்டுக்காரருக்கு அது பொருந்தும். சாவியைத் தொலைத்தவர் பேரம் பேசுகிற நிலையில் இல்லை. பிரேக் லேசாகத் தேய்ந்தவரோ அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். அவரை நகர்த்த ஏதேனும் வேண்டும். மதிப்புரை பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால், மிதிவண்டிக்காரரே, அந்த மாதம் வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வந்தார்கள்? அது தெரியாமல் தள்ளுபடி வீண் என்று எப்படி முடிவு கட்டுவது?

மிதிவண்டிக்காரன்:
ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தேதி, வேலை, தொகை எல்லாம் இருக்கின்றன. பெயரும் எண்ணும் எழுத வேண்டிய கட்டம் பக்கம் பக்கமாக வெறுமையாக இருக்கிறது. கூட்டத்தில் எழுத நேரமில்லை. முதலில் அந்தக் கட்டத்தை நிரப்பப் பழகுகிறேன்; தள்ளுபடியைப் பிறகு யோசிப்போம். ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மாதந்தோறும் சங்கிலிக்கு எண்ணெய் போட வருகிற பெரியவர் ஒருவர், அந்த மாதம் இரண்டு முறை வாசலில் நின்று உள்ளே இருந்த நெரிசலைப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. அவருடைய எண்ணும் என்னிடம் இல்லை.