மதுரை வெயிலில் பிறந்த பிள்ளைக்கு ஊட்டியில் என்ன உடுத்துவது?

மதுரைக்காரி:
என் மகனுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. மாசியில் பிறந்ததால் வெயிலைத் தவிர வேறெதுவும் அறியாதவன். இங்கே பகலில் 40 டிகிரி. பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தைத்த முடிச்சு ஜப்லாவும் லங்கோடும்தான் இதுவரை அவன் உடை. அப்படியும் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வியர்க்குரு. ஜூன் முதல் வாரம் வீட்டுக்காரருக்கு ஊட்டிக்கு மாற்றல். மாமியார் இப்போதே கம்பளியில் ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாம் பின்னிவிட்டார். போட்டுப் பார்த்தோம், கம்பளி பட்ட இடமெல்லாம் தாடை சிவந்துவிட்டது. எந்தத் துணி, எத்தனை உடை வாங்குவது? காரில் போகும்போது என்ன போடுவது? குளிர்கிறதா, புழுங்குகிறதா என்று அவனுக்குச் சொல்லத் தெரியாதே, அதுதான் என் கவலை.

குன்னூர் அக்கா:
இரண்டு பிள்ளைகளை இந்த மலையில் வளர்த்தேன். முதலில் ஒன்று, கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக் குளிர்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். கைக்குழந்தைக்கு அவை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒரு துணியைக் கழற்றிவிடுங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்திருந்தால் சரி.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஜூனில் இரவு 11, 12 டிகிரிக்கு இறங்கும். கனமான ஒரே உடையை விட மெல்லியதாக மூன்று நல்லது. உள்ளே பருத்தி ஜப்லா, மேலே முழுக்கை பனியன் துணிச் சட்டை, அதற்கும் மேலே ஸ்வெட்டர். கம்பளி தோலில் படவே கூடாது. தூங்கும்போது வீட்டுக்குள் குல்லா வேண்டாம். தலை வழியாகவும் பிள்ளையின் சூடு வெளியேற வேண்டும், குல்லா முகத்தில் இறங்கி மூக்கை மூடிவிடவும் கூடும்.

மேட்டுப்பாளையம் வரை ஒற்றை ஜப்லா போதும். ஏற ஏற ஒவ்வொன்றாகப் போடுங்கள், குன்னூரில் நிறுத்திப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

இங்கே குளிரை விடப் பெரிய பாடு துணி காயாததுதான். மழை பிடித்தால் மூன்று நாள் ஆனாலும் ஈர வாடை போகாது. பதினைந்து ஜப்லாவாவது வேண்டும். இஸ்திரி போட்டு உலர்த்துங்கள். துணி காய வைக்கவோ குளிர் காயவோ மூடிய அறையில் கரியடுப்பை மட்டும் மூட்டிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு உயிரையே எடுத்துவிடும், வாசனைகூடத் தெரியாது.

திருப்பூர் தையல்காரர்:
பதினோரு வருடமாகக் குழந்தை உடை தைக்கிறேன். கடையில் எடுக்கும்போது சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அக்குளிலும் இடுப்பிலும் ஓவர்லாக் தையல் தடித்திருந்தால் அந்த இடம் உரசிப் புண்ணாகும். பின்கழுத்து லேபிளைத் தையலோடு பிரித்து எடுங்கள், கத்தரித்தால் மிச்சம் குத்தும். குளிருக்கு இன்டர்லாக் எனும் இரட்டைப் பின்னல் பருத்தி கேளுங்கள். ஒற்றைப் பின்னல் பனியன் துணியை விடத் தடிப்பு, ஆனாலும் மெத்தென்று இருக்கும். புதுத்துணியில் சாயமும் மெருகேற்றப் போட்ட மருந்தும் தங்கியிருக்கும், இரண்டு தண்ணீர் அலசாமல் போடாதீர்கள். இடுப்பு எலாஸ்டிக் தோலில் தடம் பதித்தால் அடுத்த அளவு எடுங்கள். அந்தச் சுங்குடி ஜப்லாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. பத்து வருடம் துவைத்த பருத்தியின் மென்மை எந்தப் புதுத்துணியிலும் வராது. உள்ளே போட அதுதான் சரி.

மதுரைக்காரி:
அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதே பிடரியைத் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருந்தது. மாமியார் பயந்துபோய்ப் போர்த்திய துண்டை எடுத்த பிறகுதான் சிணுங்கல் நின்றது. அப்புறம், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவனுக்குத் தூளியில் போட்டால்தான் தூக்கம் வரும். அங்கே கட்டலாமா?

குன்னூர் அக்கா:
தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் தூளிக்கு அடியிலிருந்து குளிர் ஏறும். இரண்டு பருத்திச் சேலையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள், நைலக்ஸ் வேண்டாம். ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம்.