நெரிசலில் மட்டும் கொதிக்கும் கார்: 670 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்தும் அடங்கவில்லை

செந்தூல் மாவுக்காரி:
தோசை மாவு அரைத்து விற்பது என் தொழில். விடியற்காலை ஐந்தரைக்குக் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிளம்பி, ஜாலான் ஈப்போ, பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் போட்டுவிட்டு எட்டரைக்குத் திரும்புவேன். கார் உள்ளூர்த் தயாரிப்பு, 1.3 லிட்டர், பதினாறு வயது. போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. திரும்பும்போது நெரிசலில் நின்றால் பத்தே நிமிடத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. சென்ற செவ்வாய்க்கிழமை முன்பக்கத்திலிருந்து ஆவி சீறியதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் தீப்பிடித்துவிட்டது என்று கத்தியே விட்டார்.

பட்டறையில் முதலில் தண்ணீர்ப் பம்பை மாற்றினார்கள், 280 வெள்ளி. பிறகு ரேடியேட்டர், 350. அதற்கும் அடங்காததால் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு) கழற்றி என் கையில் கொடுத்து, இந்த வெயில் நாட்டுக்கு இது எதற்கு என்று சொல்லி 40 வெள்ளி கூலி வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் தலைப்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், 1,200 ஆகும் என்கிறார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை மூட்டை உளுந்து வரும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கத் தஞ்சோங் மாலிமுக்கு 110 வேகத்தில் போகிறேன். முள் பாதிக்கும் கீழேதான். ஏர்கோனும் அப்போது நன்றாகக் குளிர்கிறது. நெரிசலில்தான் வெதுவெதுப்பான காற்று வருகிறது. அது காஸ் குறைவாக இருக்கும், பிறகு பார்த்துக்கொள்கிறேன். பெட்ரோல் வேறு முன்பைவிட அதிகம் குடிக்கிறது.

கிள்ளான் தம்பி:
அக்கா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது சரிதான். நானும் மூன்று வருடமாக அது இல்லாமல்தான் ஓட்டுகிறேன். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் திரவமும் வீண் செலவு, குழாய்த் தண்ணீர் போதும்; நம் ஊரில் பனியா கொட்டுகிறது? அவசரத்துக்கு ஹீட்டரைப் போட்டால் என்ஜின் சூடு இறங்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

செந்தூல் மாவுக்காரி:
தம்பி, என் காரில் அந்தக் குமிழை எவ்வளவு திருப்பினாலும் நீலக் கோடுதான். சிவப்பே கிடையாது, ஹீட்டரே வைக்கவில்லை போலிருக்கிறது.

பட்டர்வொர்த் பழைய கை:
அம்மா, என்ஜினைத் திறக்க விடாதீர்கள். லாரிப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் கை கறுத்தவன் சொல்கிறேன்.

கார் ஓடும்போது காற்று தானே வந்து ரேடியேட்டரில் மோதுகிறது. நின்றால் மின்விசிறிதான் கதி. பம்போ ரேடியேட்டரோ கெட்டிருந்தால் தஞ்சோங் மாலிம் போகும் வழியிலேயே முள் ஏறியிருக்கும். நீங்கள் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிய ஏர்கோன்தான் துப்பு. ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கோனின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் இருக்கிறது. இரண்டுக்கும் காற்று வேண்டும். நெரிசலில் இரண்டும் ஒன்றாகத் தவிக்கின்றன என்றால் விசிறி சுற்றவில்லை.

நிறுத்திய காரில் என்ஜினை ஓடவிட்டு ஏர்கோனைப் போடுங்கள். விசிறி சுற்றினால் மோட்டார் நல்லது, வெப்பத்தை அறிந்து அதை முடுக்கும் சென்சாரைப் பாருங்கள். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்). ஹாரன் ரிலேயில் அதே எண் பொறித்திருந்தால் அதைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மரக்கட்டையால் மோட்டாரின் முதுகில் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. கையை இறக்கைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சட்டென்று சுற்றும்.

கேஸ்கெட் சந்தேகத்துக்கு: காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி விடாமல் வருகிறதா? எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்தப் பேச்சை இப்போதைக்கு விடலாம்.

கிள்ளான் தம்பிக்கு: கூலண்ட் பனிக்கு மட்டுமல்ல, துருவுக்கும்தான். வெறும் தண்ணீர் அலுமினிய ஹெட்டை அரிக்கும். மூடியையும் யாரும் மதிப்பதில்லை. 0.9 என்று பொறித்த மூடி அழுத்தத்தைத் தாங்கினால் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் வெடித்திருந்தால் 100இலேயே பொங்கிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் சூடேறாமலே ஓடும். இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் காரின் கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அக்காவின் பெட்ரோல் போகும் வழி அதுதான்.

செந்தூல் மாவுக்காரி:
ஐயா, பார்த்தேன். ஏர்கோன் போட்டும் சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே மாற்றியும் அசைவில்லை. பூரிக்கட்டையால் இரண்டு தட்டு தட்டினேன், காற்றாடிபோல் கிளம்பியது! குமிழியும் இல்லை, எண்ணெயும் சுத்தம். பழைய கார்களை வெட்டி விற்கும் கடையில் விசிறி மோட்டார் 90 வெள்ளிக்குக் கிடைத்தது, மாட்ட 30. வெள்ளிக்கிழமை மழையில் நாற்பது நிமிடம் நின்றேன், முள் பாதியைத் தாண்டவில்லை. ஏர்கோனில் கை விறைத்தது. அவர்கள் கழற்றிக் கொடுத்த தெர்மோஸ்டாட் சமையலறை மேசையில் இருக்கிறது, 82 என்று பொறித்திருக்கிறது. அதையே திரும்பப் போடலாமா?

பட்டர்வொர்த் பழைய கை:
ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கொதி வருவதற்குள் வாய் திறந்து, ஆறியதும் மூடிக்கொண்டால் போடலாம். ஓரத்து ரப்பர் வளையம் மட்டும் புதிதாக வாங்குங்கள். மாவுச் சட்டி வேண்டாம்.

கிள்ளான் தம்பி:
ஐயா, கழற்றிய தெர்மோஸ்டாட்டை நான் எறிந்துவிட்டேன். புதிது என்ன விலை இருக்கும்?