கண்ணாடியில் ஒட்டிப்போன தேர்ப்படம்: பிரிக்கலாமா?

மீனாட்சிபுரம்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சட்டத்தோடு நனைந்து, காய்ந்ததும் கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனித் திருவிழாவில் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் தேர் வாகையடி முனையில் திரும்புகிற படம். இருட்டான ஓரங்களில் நீலமாக ஒரு மினுமினுப்பு வேறு. கண்ணாடியைப் பிரித்து, ஏஐயில் தெளிவாக்கி, கலரும் ஏற்றித் தருவதாக ஒரு ஸ்டுடியோவில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

தென்காசி மணி:
போனிலேயே ஆப் இருக்கிறதே! எங்கள் ஆச்சி படத்தைப் போட்டேன், நேற்று எடுத்த மாதிரி வந்தது.

பழைய டச்சிங்காரர்:
தம்பி, முதல் வேலையாகப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். தண்ணீர் பட்டால் ஊறும், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் தாள் ஒரு பக்கம், தேர் ஒரு பக்கம். வீட்டிலேயே ஊறவைத்துக் கழற்றும் யோசனையும் வேண்டாம். அந்த நீல மினுக்கு அழுக்கில்லை, படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து படிந்தது. துணி போட்டுத் தேய்க்காதீர்கள்.

கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். மெலிசான சிஐஎஸ் ஸ்கேனரில் (ஒட்டி வைத்ததை மட்டும் தெளிவாக எடுக்கிற வகை) கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது மங்கும். உள்ளே லென்ஸ் இருக்கிற, தடிமனான சிசிடி ஸ்கேனர் தேடுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 16 பிட், தரம் குறையாத டிஃப் ஃபைலாக எடுங்கள். ஸ்கேனர் கிடைக்கவில்லையா, கேமராவை நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டு எடுங்கள். பிரதிபலிப்பு விழாது.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் ஸ்டுடியோவில் நெகட்டிவ்மேல் பென்சில் வைத்து டச்சிங் செய்து பிழைத்தவன் நான். அம்மைத் தழும்பு நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும். அங்கே பென்சில் கரி ஏற்றினால் பிரிண்டில் தழும்பு மறையும். கல்யாணப் பெண்ணுக்கு அதைச் செய்யலாம், அவளே கேட்டு வாங்குவாள். தேர்ப்படத்துக்கு யார் கேட்டார்கள்? வடம் பிடிக்கிறவர்கள் கலங்கித் தெரிந்தால், ஷட்டர் மூடுவதற்குள் அவர்கள் நகர்ந்தார்கள், தேர் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஏஐ அந்தக் கலங்கலைத் துடைத்துவிட்டு, இல்லாத ஆளின் மூக்கையும் வாயையும் ஒட்டவைக்கும். உங்கள் தாத்தா அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் அவரும் போய்விடுவார். கலர் ஆசை இருந்தால் நகல் ஃபைலில் ஏற்றிக்கொள்ளுங்கள், கலர் பிறகு போட்டது என்று கீழே எழுதிவையுங்கள். மூல ஸ்கேனில் கை வைக்காதீர்கள்.

ஆமாம், அது சுவாமி தேரா, அம்பாள் தேரா? ஐந்து தேர் ஓடுகிற ஊரில் சும்மா தேர் என்று விட்டால் எப்படி!

மீனாட்சிபுரம்காரன்:
நன்றி அண்ணாச்சி. சிநேகிதன் ஆபீஸில் ஸ்கேன் போட்டாச்சு. சுவாமி தேர்தான் என்கிறார் பெரியப்பா. பெரிதாக்கினால் சக்கரத்துப் பக்கத்தில் சறுக்குக்கட்டையோடு (தேரைத் திருப்ப, நிறுத்தச் சக்கரத்தடியில் போடும் கட்டை) ஒருவர் குனிந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கடைப்பலகை, பாதி எழுத்து தெரிகிறது. சட்டத்தின் பின் அட்டையைக் கழற்றலாமா?

பழைய டச்சிங்காரர்:
ஆணி தானாகத் தளர்ந்திருந்தால் மட்டும் மெதுவாக எடுங்கள். அட்டையில் ஸ்டுடியோ முத்திரை அழுத்தியிருப்பார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். பலகை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி இங்கே போடுங்கள், டவுனில் பழைய கடைக்காரர்கள் யாராவது பார்த்துச் சொல்வார்கள்.