தக்காளி டைமர் வெச்சு வேலை பாத்தவங்க இருக்கீங்களா? எனக்கு நடந்தது

பாலக்கோட்டான்:
25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ரெஸ்ட், அந்த பொமோடோரோ மேட்டர்தான், எல்லாருக்கும் தெரியும், விளக்கல. மாமா லோடோட ராயக்கோட்டை மண்டிக்குப் போயிருந்தேன், பில்லு வர லேட்டாகும்னு ஓரமா உக்காந்து டைமர் போட்டு ஆபீஸ் கணக்க லேப்டாப்ல முடிச்சிட்டிருந்தேன். பக்கத்துல ஒரு ஆயா தக்காளி பிரிச்சிட்டிருந்தாங்க. பழம் ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம், வெடிச்சது காலுக்குக் கீழ. கண்ணு என்னைத்தான் பாக்குது, கை அது பாட்டுக்குப் பிரிக்குது. டைமர் அடிச்சதும் டக்குனு மூடி வெச்சேன். "இன்னா கண்ணு மணி?"ன்னாங்க. சொன்னேன், போன்ல தக்காளி படத்தையும் காட்டினேன். சிரிச்சுட்டு, "மணி அடிக்கறப்ப கையில ஒரு பழம் இருந்தா? அப்படியே புடிச்சிட்டு உக்காந்திருப்பியா?"ன்னு கேட்டு, கையில இருந்தத கிரேட்ல போட்டு, ரொம்பின கிரேட்ட தள்ளிவிட்டு, அப்புறம்தான் வெத்தலப் பைய அவுத்தாங்க. எனக்கு அப்ப ஒரே ஒரு வரி பாக்கி. திரும்பி வந்து கூட்டல எங்க விட்டேன்னு தெரியாம மொதல்ல இருந்து பாத்தேன். ஒரு மாசமாச்சு, அந்தக் கை இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஓசூர் பி ஷிஃப்ட்:
ஆயாவ வெச்சு டைமர குறை சொல்லாதீங்க ப்ரோ. அத ஆரம்பிச்ச சிரில்லோ 1980கள் கடைசில காலேஜ் படிச்சவரு, படிக்க உக்கார முடியாம தக்காளி வடிவத்துல இருந்த சமையல்கட்டு டைமர் கடிகாரத்த வெச்சு தன்னையே உக்கார வெச்சாரு. இத்தாலில தக்காளிக்குப் பேரே பொமோடோரோதான். ஆரம்பிக்கவே முடியாதவனுக்குத்தான் அது. ஆயாவுக்கு என்ன, கிரேட் தானா வந்து முன்னாடி நிக்குது. நான் ரூம்ல மூணு வாரத் துணிய அப்படித்தான் தொவச்சேன், மணி அடிச்சப்ப ரெண்டு பேண்ட்தான் பாக்கி, அதையும் போட்டுட்டேன்.

பென்னாகரம் அக்கா:
பேண்ட்ட போட்டுட்டீங்கல்ல, அப்ப ஆயா சொன்னதத்தானே செஞ்சீங்க? 😄 எங்க வீட்ல பட்டுப்புழு. அது தோல் உரிக்கறப்ப தின்னாது, இலை போடக்கூடாது. கல்யாணமான புதுசுல அது தெரியாம நான் தட்டுக்குத் தட்டு நின்னு பாத்துட்டே இருந்தேன், மாமியார் வந்து "புழு தூங்குது, நீ எதுக்கு முழிச்சிருக்க, ஓடு"ன்னாங்க. அன்னிக்கு ஒரே நாள்ல ரேஷன், பேங்க், மாவு மில்லு எல்லாம் முடிஞ்சுது. கடைசிப் பருவத்துல நூத்துக்கணக்குல இலை தின்னும்போது ஓட்டு மேல மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும், அப்ப சோறு திங்கக்கூட நேரம் இருக்காது. எங்களுக்கு டைமர் புழுதான்.

கிருஷ்ணகிரி சார்:
மூணு பேருக்கும் சொல்றேன். ராத்திரியே ஒரு துண்டுச் சீட்டுல நாளைக்கு மூணே வேலை எழுதுங்க, நாலாவது எழுதாதீங்க. செல்போன அடுத்த ரூம்ல வைங்க. ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னிக்கு எப்படியும் விடியக்காலைல எந்திரிக்கறோம், கொடம் ரொம்பற நேரத்துல நின்னுட்டு ரீல்ஸ் பாக்காம கீரை ஆய்ங்க, பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போடுங்க. கரண்ட் பில், சிலிண்டர் புக்கிங் எல்லாம் ஒரே நாள்ல வைங்க. பாலக்கோடு தம்பி, நீங்க டைமர 50 நிமிஷமா மாத்துங்க, நாலு தடவைக்கு ஒரு தடவை பெரிய ரெஸ்ட் எடுக்கணும்ங்கறதயும் விட்டிருப்பீங்க. களி கிண்டும்போது மட்டும் எந்த டைமரும் வேணாம், துடுப்ப விட்டா கட்டி விழுந்துரும். என் அனுபவம்னா, கேஸ் புக் பண்ண மறந்து ரெண்டு நாள் ஓட்டல் சாப்பாடு, அவ்ளோதான்.

பாலக்கோட்டான்:
சார், நான் ஐடியா கேக்கல. ஆயா சொன்ன மாதிரி இப்ப மணி அடிச்சாலும் வரிய முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கறேன். நேத்து அப்படி இந்த ஒரு வரி, இந்த ஒரு வரின்னு போய் அடுத்த மணியும் அடிச்சிருச்சு.