மெத்தாம்பெட்டமின் தண்டனைச் சட்டம்: இரண்டு சொற்களுக்கு உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்க ஃபெடரல் (மத்திய) நீதிமன்றங்கள் மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளின் கடத்தலுக்கு விதிக்கும் சிறைத்தண்டனை குறித்துச் சட்ட மாணவர்களுக்காகத் தமிழில் கட்டுரை எழுதி வருகிறேன். இரண்டு இடங்களில் சரியான சொல் அமையாமல் நிற்கிறேன்.

முதலாவது எடைக் கணக்கு. மெத்தாம்பெட்டமின் கலந்த பொருள் 50 கிராம் என்று நிரூபணமானால், முன்தண்டனை இல்லாதவருக்கும் குறைந்தது 5 ஆண்டு சிறை, 500 கிராம் என்றால் 10 ஆண்டு. தூய மெத்தாம்பெட்டமினாகவே கணக்கிட்டால் 5 கிராமுக்கும் 50 கிராமுக்கும் அதே தண்டனைகள். ஆக, ஒரு பொட்டலத்தில் 60 கிராம் தூள் இருந்து, ஆய்வகச் சோதனையில் அதில் 54 கிராம் தூயது என்று தெரிந்தால், 5 ஆண்டு என்பது 10 ஆண்டாகிவிடும். இந்தத் தூய பகுதியின் எடையை முதலில் "நிகர எடை" என்று எழுதினேன்; அது உறையைக் கழித்த எடை என்றல்லவா படிப்பவர் நினைப்பார்?

இரண்டாவது, "பாதுகாப்பு வால்வு" என்று அங்கே வழங்கும் விதிவிலக்கு. பெரிய குற்றப் பின்னணி இல்லாமலும், வன்முறையில் ஈடுபடாமலும், தமக்குத் தெரிந்ததை அரசுத் தரப்பிடம் மறைக்காமல் சொன்னவருக்குக் குறைந்தபட்சத் தண்டனைக்கும் கீழே இறங்க நீதிபதிக்கு அது இடம் தருகிறது. 2018-இல் நாடாளுமன்றம் அதை விரிவாக்கியது; 2024-இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் குறுகலான பொருள் கொண்டது. 1987 நவம்பர் முதல் நடந்த குற்றங்களுக்குப் பரோல் (தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனையோடு விடுவிப்பது) இல்லாததால் இந்த விலக்கின் மதிப்பு அதிகம். ஆனால் நேரடியாகப் பெயர்த்தால் குக்கர்தான் நினைவுக்கு வருகிறது.

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் பழக்கம் உள்ளவர்கள், போதைப்பொருள் வழக்குகளின் தமிழ் ஆவணங்களில் இவற்றுக்கு நெருங்கிய சொற்கள் இருந்தால், அவை வரும் வாக்கியத்தோடு தெரிவிக்க வேண்டுகிறேன்.